விலக்கு தாண்டினால் வேறு குரல்

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் இருந்தது ஒற்றைச் செங்கல் சுவர். அந்தச் சுவருக்கு அப்பால் இருந்த சின்ன அறையை அவர் ஒலிப்பதிவுக் கூடம் என்பார். மில்லில் கழித்துப்போட்ட பஞ்சை வாங்கி, மெத்தை தைத்து, சுவர்களில் அறைந்திருந்தார். எங்கள் பக்கச் சுவரில் மட்டும் மெத்தை பாதியோடு நின்றுவிட்டது. பஞ்சு தீர்ந்ததா ஆர்வம் தீர்ந்ததா, தெரியாது. அதனால் அவர் பேசியதெல்லாம் என் அடுப்படியில் கேட்டது. ராஜபாளையத்தில் எந்த ஜவுளிக்கடையில் தள்ளுபடி, ஸ்ரீவில்லிபுத்தூரில் யார் இறந்துபோனார், எந்தக் கட்சி எதைத் தருவதாகச் சொல்கிறது என்பதெல்லாம் ஊருக்குத் தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும்.

தெருவில் அவரை மைக் சார் என்போம். வாடகை ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கர் கட்டி ஊர் ஊராக விளம்பரம் செய்வது அவர் தொழில். எல்லாக் கடைக்கும் பேசுவார், எல்லாக் கட்சிக்கும் பேசுவார். ஒரு தேர்தலுக்கு ஒரு கட்சி என்பது மட்டும் அவர் வைத்துக்கொண்ட கட்டுப்பாடு.

எதையும் நான் இரண்டு தடவை கேட்பேன். முதல் தடவை பட்டணத்துக்கு. குரல் கனமாக, நிதானமாக, சொல்லுக்குச் சொல் இடம் விட்டு வரும். "சிந்திக்கும் வாக்காளப் பெருமக்களே" என்று தொடங்கும். அடுத்தது கிராமத்துக்கு. அதில் குரல் ஒரு படி மேலேறி, ஓரத்தில் லேசாகக் கிழிந்து, "அக்காமாரே, அண்ணாச்சிமாரே, நம்ம பெரியய்யா சின்னய்யாமாரே" என்று ஓடிவரும். சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்றுதான் குடிவந்த புதிதில் நினைத்திருந்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வடக்கே போகும்போது சாலை பிரியும் கிருஷ்ணன்கோவில் விலக்கில் அவர் வண்டி நிற்கும். அங்கே மேற்கே திரும்பினால் வத்திராயிருப்பு, கான்சாபுரம், பிளவக்கல் அணை. அந்த விலக்கில்தான் பென் டிரைவை மாற்றுவார். முழுக்கைச் சட்டையைக் கழற்றி மடித்துவைத்துவிட்டு அரைக்கைச் சட்டை போட்டுக்கொள்வார். ஸ்பீக்கரில் பேசுகிறவரின் சட்டையை யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"சட்டை மாறலைன்னா வாய் மாறாது டீச்சர்" என்றார்.

அவர் மனைவி கேலிக்காரி. தண்ணீர் பிடிக்க நிற்கும்போது, "உங்ககிட்ட எந்தக் குரல்ல பேசுவாரு?" என்று கேட்டிருக்கிறேன். "எங்கிட்ட பேசக் குரல் எங்க இருக்கு? ஊருக்கெல்லாம் பங்கு வச்சிட்டு வீட்டுக்கு வரும்போது வெறும் காத்துதான் வருது. வெந்நி கொண்டான்னு கையால காட்டுதாக" என்பார்.

செட்டியார்பட்டியில் பிறந்து எம்.ஏ. தமிழ் படித்தவர் மைக் சார். இளம் வயதில் வானொலிக்குக் குரல் தேர்வுக்குப் போயிருக்கிறார். குரல் நன்றாக இருக்கிறது, உச்சரிப்பில் கிராமத்து வாடை அடிக்கிறது என்று அனுப்பிவிட்டார்களாம். ஊருக்கு வந்ததும் ஒரு கட்சிக்காரர் மேடையேற்றிப் பார்த்திருக்கிறார். பேச்சு வாத்தியார் மாதிரி இருக்கிறது, நம்ம சனத்துக்கு ஒட்டாது என்று அவரும் இறக்கிவிட்டாராம். இந்த இரண்டு கதையையும் எப்போதும் சேர்த்தேதான் சொல்வார். சொல்லிவிட்டுச் சிரிப்பார். சிரிப்பு எந்த ஊர்க்காரருடையது என்று கண்டுபிடிக்க முடியாது.

நான் கணக்கு ஆசிரியை. தனியார் பள்ளி. ஒரு வருடம் மாணவர் சேர்க்கைக்கு எங்கள் நிர்வாகம் அவரைப் பிடித்தது. பட்டணத்துக்கு, "ஆங்கில வழிக் கல்வி, நவீன ஆய்வகம், உங்கள் குழந்தையின் உலகத்தரமான எதிர்காலம்" என்று பேசினார். மேற்கே திரும்பியதும், "தாயே, நம்ம பிள்ளை நம்மள மாதிரி வெயில்ல நிக்க வேண்டாம். வேன் வீட்டு வாசலுக்கு வரும்" என்றார். அந்த வருடம் வேன்கள் நிரம்பிவிட்டன. சேர்க்கைக்கு வந்த ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், பிள்ளை வெயில்ல நிக்காதுல்லா?" என்றார். எங்கள் பள்ளியில் காலை வணக்கம் நடப்பது திறந்த மைதானத்தில். நான் தலையாட்டினேன். மைக் சாரிடம் இதைச் சொன்னபோது, "நான் சொன்னது வேற வெயில், டீச்சர். அந்தம்மா புரிஞ்சுதான் கேட்டிருக்கும்" என்றார். கெட்டிக்காரர். அவரிடம் கோபப்படப் போனால், போன வேகத்தில் திரும்பி வர வேண்டியிருக்கும்.

நான் ராஜபாளையத்தில் பிறந்து கான்சாபுரத்தில் வாக்கப்பட்டவள். என் கணவருக்கு அங்கே அண்ணனோடு பொதுவில் கொஞ்சம் வயல் உண்டு. அணைத் தண்ணீரில் விளைகிற வயல். அண்ணன்தான் பார்த்துக்கொள்கிறார். அதனால் ஒவ்வொரு தேர்தல் முடிந்ததும் எனக்கு இரண்டு பக்கத்து வசவும் கேட்கக் கிடைக்கும். பள்ளி ஆசிரியர் அறையில், "படிக்காத சனம் கையில ஓட்டைக் கொடுத்தா இப்படித்தான்" என்பார்கள். கான்சாபுரத்துக்குப் போனால், "டவுன்காரன் ஓட்டுப் போடவே வெளிய வரமாட்டான், வந்தா நம்ம தலையில மண்ணள்ளிப் போடத்தான் வருவான்" என்பார்கள். நான் இங்கேயும் தலையாட்டுவேன், அங்கேயும் தலையாட்டுவேன். பேசிப் பேசிச் சலித்தவர்கள் தலையாட்டத்தான் செய்வார்கள்.

மைக் சாருக்கு இதில் சலிப்பே கிடையாது.

"டவுன்ல இருக்கவன், நாம யோசிச்சு ஓட்டுப் போடுறோம்னு நெனைக்கணும் டீச்சர். கிராமத்துல இருக்கவன், நம்மளையும் ஒரு ஆளா மதிச்சான்னு நெனைக்கணும். இம்புட்டுத்தான் மொத்தத் தேர்தலும்."

"ரெண்டு இடத்துல ரெண்டு பேச்சுப் பேசுறது பொய்யில்லையா சார்?"

"ரெண்டும் அவிய எழுதிக் கொடுத்ததுதான். நான் எடம் பிரிச்சு வைக்கேன். உங்க வீட்ல அரிசிப் பானையும் உப்புச் சாடியும் வேற வேறதானே வச்சிருக்கீங்க?"

போன நாடாளுமன்றத் தேர்தல் சமயத்தில் என் மகன் அருண் வீட்டில் இருந்தான். பொறியியல் படித்து முடித்து, சென்னையில் அறை எடுத்து வேலை தேடி, கிடைக்காமல் திரும்பியிருந்தான். நாள் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு கிடப்பான். சாப்பிடக் கூப்பிட்டால் எரிந்து விழுவான். ஒருநாள் மைக் சார் கணினியில் ஏதோ கோளாறு என்று கூப்பிட்டார். போனவன் அங்கேயே ஒட்டிக்கொண்டான். இரைச்சலை நீக்கிக் கொடுத்தான், பின்னணி இசை சேர்த்தான். சுவருக்கு அந்தப் பக்கம் அவன் சிரிப்பது கேட்டது. எனக்கு அது போதுமாக இருந்தது. பெற்றவள் வேறென்ன கேட்பாள்?

அந்தத் தேர்தலில் தண்ணீர்தான் பேச்சு. எங்கள் தெருவில் குழாயில் தண்ணீர் வரும் நாளைப் பார்த்துத்தான் விருந்தாளியை அழைப்போம். மைக் சாரின் கட்சி பட்டணத்துக்கு எழுதிக் கொடுத்தது, பிளவக்கல் நீரைக் குழாய் வழியாக நகரங்களுக்குக் கொண்டு வருவோம் என்று. கிராமத்துக்கு எழுதிக் கொடுத்தது, பிளவக்கல் தண்ணி ஒரு சொட்டுகூட நம்ம வயலைத் தாண்டிப் போகாது என்று. இரண்டையும் ஒரே சாயங்காலத்தில் கேட்டேன்.

"ஏண்டா, இது எப்படி?" என்று அருணிடம் கேட்டேன்.

"இங்க இருக்கவங்க அதைக் கேக்கப் போறதில்ல. அங்க இருக்கவங்க இதைக் கேக்கப் போறதில்லம்மா."

"நீ கேக்குறியே. அது உங்க பெரியப்பா வயலுடா."

"நான் எடிட்டிங் மட்டும்தான்" என்று எழுந்து போய்விட்டான்.

பிரசாரத்தின் கடைசி நாட்களில் மைக் சாருக்குத் தொண்டை கட்டிவிட்டது. நேரடியாகப் பேச முடியவில்லை, பதிவை மட்டும் ஓட்டினார்கள். ஆம்ப்ளிபயரைப் பார்த்துக்கொள்ள அருணும் வண்டியில் போனான். ஒருநாள் காலை முழுக்க ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதிகளில் சுற்றிவிட்டு, மதியம் விலக்குக்கு வந்திருக்கிறார்கள். மைக் சார் முன்சீட்டில் மாத்திரை மயக்கத்தில் தூங்கிவிட்டார். ஆட்டோக்காரர் டீ குடிக்க இறங்கினார். அந்த நேரம் பார்த்து அருணுக்குச் சென்னையிலிருந்து ஒரு கம்பெனி போன். சத்தத்தைக் குறைத்துவிட்டு, மரத்தடிக்கு ஓடிப் போய்ப் பேசினான். வேலை இல்லை என்று சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். திரும்பி வந்து ஏறினான், வண்டி கிளம்பியது. பென் டிரைவை மாற்ற வேண்டும் என்பது யாருக்கும் நினைவில் இல்லை. கான்சாபுரத்துக்குள் நுழைந்ததும் அவன் சத்தத்தைக் கூட்டினான்.

"சிந்திக்கும் வாக்காளப் பெருமக்களே! பிளவக்கல் நீர் இனி உங்கள் இல்லக் குழாயில்!"

முதலில் ஒரு பெண் சந்தோஷமாக, "நம்ம வீட்டுக் குழாய்லயாக்கா?" என்றாராம். அடுத்த வரி வந்தது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் நகர மக்களின் நெடுநாள் கனவு என்று. வயலிலிருந்து ஏறி வந்தவர்கள் மம்பட்டியோடு வண்டியை மறித்துவிட்டார்கள்.

"ஏலே, நிப்பாட்டு வண்டிய! என்னலே சொல்லுதான் அவன்?"

"நம்ம அணைத் தண்ணி எவன் வீட்டுக் குழாய்க்குலே போகுது?"

"இறங்குலே கீழ. டவுன்லருந்து எங்களுக்குச் செய்தி சொல்ல வந்தியளோ?"

ஒருவர் அருணின் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறார். அந்தச் சத்தத்தில் மைக் சார் விழித்தார். விழித்தவர் என்ன ஏது என்று கேட்கவில்லை. காதில் விழுந்த வரியே அவருக்குப் போதுமாக இருந்தது. மைக்கைப் பிடுங்கினார். பேசவே முடியாத தொண்டையிலிருந்து அந்த இரண்டாவது குரல், முன்பைவிடக் கிழிந்து வந்தது.

"கேட்டியளா அண்ணாச்சிமாரே! இப்படித்தான் எதிராளி டவுனுக்குள்ள போய்ப் பேசுதான்! உங்க காதால நீங்களே கேக்கணும்னுதான் பதிஞ்சு கொண்டாந்தோம்!"

"குரல் உம்ம குரல் மாதிரில்லா இருக்கு?" என்று ஒருவர் கேட்டார்.

"என்னை மாதிரிப் பேசுனாத்தானே நம்புவாகன்னு ஆள் வச்சுப் பேசுதான்! எம் பொழப்புலயும் மண்ணைப் போடுதான், உங்க வயல்லயும் மண்ணைப் போடுதான்!"

கூட்டம் பாதி நம்பியது. அப்போதுதான் என் கணவரின் அண்ணன் வந்து சேர்ந்தார். அந்தத் தெருவில் அவர் பேச்சுக்கு மதிப்புண்டு. "உங்க தம்பி மகன்லா இவன்? நீங்களே கேளுங்க" என்று வழி விட்டார்கள்.

"ஏலே அருணு, இது எவம் பேச்சு?"

"எதிராளுக பேச்சுதான் பெரியப்பா. நெசமாத்தான் சொல்லுதேன்."

அவர் அவனைச் செத்த நேரம் பார்த்தாராம். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "விடுங்கப்பா. படிச்ச பய, பொய் சொல்லமாட்டான்" என்றார். எல்லோரும் கலைந்தார்கள். வண்டியில் வந்த மூன்று பேரையும் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டு அனுப்பினார்.

இதையெல்லாம் அருண் என்னிடம் நடித்துக் காட்டினான். மைக் சார் மைக்கைப் பிடுங்கியதைக் காட்டும்போது அவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "என்னா மூளை தெரியுமாம்மா அவருக்கு!" அவன் சட்டைப் பை கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. கழுத்தில் நகம் பட்ட கோடு. மம்பட்டியை நினைத்துக்கொண்டே அதில் மஞ்சள் தடவினேன். ஆனால் இன்றுவரை என்னை விட்டுப் போகாதது அந்தக் கோடு அல்ல. என் மகன் பிறந்ததிலிருந்து வீட்டில் 'சொல்லுதேன்' என்று சொன்னதில்லை. பெரியப்பாவிடம்கூடப் பள்ளிக்கூடத் தமிழ்தான் பேசுவான். சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்களுக்கு நடுவில் அந்தச் சொல் எங்கிருந்து அவன் வாய்க்கு வந்தது?

அந்த ஞாயிற்றுக்கிழமை கணவரோடு கான்சாபுரம் போனேன். அருணை வரச் சொன்னேன், தலைவலி என்று படுத்துக்கொண்டான். கணவரின் அண்ணனை நான் அத்தான் என்பேன். அத்தான் வரப்பிலிருந்து வந்து கால் கழுவிவிட்டு உட்கார்ந்தார். சுற்றி வளைக்காமல் சொன்னேன். "அத்தான், பய உங்ககிட்ட சொன்னது பொய். ரெண்டும் ஒரே கட்சிதான். ரெண்டு பேச்சும் எங்க பக்கத்து வீட்லதான் பதிஞ்சாங்க. நான் கேட்டேன்."

"தெரியும் தாயி."

"தெரியுமா?"

"அவன் மூஞ்சியப் பாத்தா தெரியாதா? சின்னதுல மாங்கா பறிச்சிட்டு வந்து இல்லன்னு சாதிக்கும்போதும் இப்படித்தான் நிப்பான். அம்புட்டுப் பேரு மம்பட்டியோட நிக்காக. நான் நம்பலைன்னா பய கதி என்ன? அதான் நம்புனேன்."

என் கணவர் தலை குனிந்துகொண்டார். நான்தான் விடாமல், "அப்போ ஓட்டு?" என்று கேட்டேன்.

"அந்தக் கட்சிக்காரனுக்குத்தான் போடப் போறேன்."

"எதுக்கு அத்தான்? பொய்னு தெரிஞ்சுமா?"

"எவன் மெய் சொல்லுதான், சொல்லு. இவன் எங்ககிட்ட வந்து பொய் சொல்லணும்னாவது நெனைச்சான். அதுக்குன்னு ஒரு பேச்சு எழுதி, வண்டி வச்சு அனுப்புனான். மத்தவன் வத்திராயிருப்போட திரும்பிட்டான், தாயி. இந்தப் பக்கம் ஆளு இருக்குன்னே அவனுக்கு நெனப்பில்ல."

ஊருக்குத் திரும்பியதும் மைக் சாரை வாசலிலேயே பிடித்தேன். அவர் வெட்கப்பட வேண்டும் என்று நினைத்து, அத்தான் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். தொண்டையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கேட்டார். முகம் மாறியது. கண்கூட லேசாகக் கலங்கியது.

"இன்னொரு தடவ சொல்லுங்க டீச்சர், அவர் எப்படிச் சொன்னாரு?" என்று கிசுகிசுத்தார். சொன்னேன். "பொய் சொல்லணும்னாவது நெனைச்சான்" என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு உள்ளே போனார். மனிதருக்கு உறைத்துவிட்டது என்று நினைத்தேன்.

அவர் கட்சி ஜெயித்தது. தண்ணீர் எங்கள் குழாய்க்கும் வரவில்லை, வயலைக் காக்க யாரும் சட்டமும் போடவில்லை. மைக் சாருக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. இனிமேல் உரக்கப் பேசக்கூடாது என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார். சுவர் அமைதியாகிவிட்டது. அருண் உள்ளூரில் ஒரு மொபைல் கடையில் உட்கார்ந்தான். சாயங்காலங்களில் மட்டும் பக்கத்து வீட்டுக்குப் போய்வந்தான். சட்டமன்றத் தேர்தலுக்கு யாரையோ வைத்துப் பேசவைக்கிறார்கள், எடிட்டிங் மட்டும் தன்னுடையது என்றான். எங்கள் பக்கத்துச் சுவரில் மிச்சமிருந்த இடத்திலும் மெத்தை அடித்துவிட்டார்கள். எனக்கு எதுவும் கேட்கவில்லை.

அந்தத் தேர்தல் நேரத்தில் அத்தான் வரப்பில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டார். பார்க்கப் போயிருந்தோம். வாசல் வேப்பமரத்தடியில் கட்டில் போட்டு, கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். தெருமுனையில் ஸ்பீக்கர் சத்தம் கேட்டது.

"அக்காமாரே, அண்ணாச்சிமாரே! உங்களைத் தேடி வந்தவன் எவன்? வத்திராயிருப்போட திரும்பிப் போனவன் எவன்? இந்தப் பக்கம் ஆளு இருக்குன்னே நெனப்பில்லாதவனுக்கா உங்க ஓட்டு?"

குரல் கொஞ்சம் தழுதழுத்து, ஓரத்தில் கிழிந்து, மிக நன்றாக இருந்தது. முதல் சொல்லிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பெற்றவளுக்குத் தெரியாதா? என் கணவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

வண்டி எங்களைக் கடந்தபோது மைக் சார் முன்சீட்டில் இருந்தார். அரைக்கைச் சட்டை, கழுத்தில் துண்டு. அந்தத் தேர்தல் முடிந்ததும் அவர் கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார், நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அன்றுதான். என்னைக் கண்டதும் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். மேலே குழாய் ஸ்பீக்கரைச் சுட்டிக்காட்டி, எப்படி இருக்கிறது என்பதுபோல் கையை மலர்த்தினார். அருண் பின்னால் ஆம்ப்ளிபயரோடு குனிந்திருந்தான். எங்கள் பக்கம் திரும்பவில்லை.

அத்தான் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து முழுதும் கேட்டார். தன் சொற்களைத் தான் கேட்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்துதான் இருக்கும்.

"நல்லாத்தான் பேசுதான்" என்றார். பிறகு என்னிடம், "செத்த நேரம் நிக்கச் சொல்லு தாயி. வெயில்ல வந்திருக்கான். மோர் குடிச்சிட்டுப் போகட்டும்."

நான் எழுந்து கையை உயர்த்தினேன். வண்டி நிற்கவில்லை. அடுத்த தெருவுக்குள் திரும்பியது. அங்கே என் மகன் முதலிலிருந்து ஆரம்பித்தான்.